வெள்ளத்தாயின் வயிற்றில் தெரிந்தது

சந்தைப்புதூரில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த சங்கிலிமாடன், சோறு குழைந்துவிட்டது என்பதற்காகத் தன் பெண்டாட்டி வெள்ளத்தாயின் வயிற்றில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மிதித்தான். பதினோரு வருசமாக அந்த வயிறு இதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. அன்றைக்கு இருக்கவில்லை. விலா முடிகிற இடத்திலிருந்து தொப்புளுக்கு நாலு விரல் கீழே வரைக்கும் தோல் தெளியத் தொடங்கியது. கலங்கின குளத்தில் மண் அடங்க அடங்கத் தண்ணீர் தெளிவதுபோல, அவசரமே இல்லாமல், அவன் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு கடைக்குத் திரும்புவதற்குள் தெளிந்து முடிந்தது. அதற்கப்புறம் அது தோலாக இல்லை, கண்ணாடியாக இருந்தது.

வெள்ளத்தாய் சத்தம் போடவில்லை. தினமும் ஐந்தாறு ஆட்டுக் குடலைக் குச்சியில் கோத்துப் புரட்டி, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டு உரசி, ஏழு தண்ணீரில் அலசுகிறவள் அவள். உள்ளே இருப்பது எதுவும் அவளுக்குப் புதிதல்ல. சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, வலது பக்கம் ஈரல், அதற்கடியில் பச்சையாகப் பித்தப்பை, நடுவில் சுருங்கி விரிந்துகொண்டிருந்த இரைப்பை, அதன் பின்னால் வெளிறிய நாக்குப்போலக் கணையம், அப்புறம் சுருள் சுருளாக நெளிந்துகொண்டிருந்த சிறுகுடல், அதைச் சுற்றி மாலை போட்டதுபோலப் பெருங்குடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, வாசலில் நின்ற மாமியார் உடையம்மையிடம், "ஆட்டுக்கு நாலு இரைப்பை இருக்கும் அத்தை, எனக்கு ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

உடையம்மை குனிந்து பார்த்தாள். "ஈரல் நல்ல ஈரலாத்தான் இருக்கு," என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்தாள், பிறகு நிமிர்ந்து உள்ளே போய்விட்டாள். ஏனென்றால் இடது பக்கம் விலாவுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த மண்ணீரலில் குதிகால் அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது, ஈரலின் ஓரத்தில் பழுத்து மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்த இன்னொன்று இருந்தது, குடலின் மடிப்புகளில் ஐந்து கால்விரலும் பதிந்த நீலம் புதிதாக இருந்தது. அந்தக் காலைப் பெற்றவள் அவள்தான்.

மறுநாள் தெருவுக்குத் தெரிந்தது, அதற்கடுத்த நாள் ஊருக்குத் தெரிந்தது, அடுத்த சந்தைக்குள் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரிந்து, கறி வாங்க வந்தவர்கள் கறி வாங்கிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் வெள்ளத்தாயின் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவள் குடல் கழுவிக்கொண்டிருப்பாள், அவர்கள் அவள் குடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இட்லி இரைப்பையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, புட்டு எவ்வளவு நேரம், கொழுப்புக் கறி இறங்கினால் பித்தப்பை எப்படிச் சுருங்கிப் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சுகிறது, முருங்கைக்கீரை எங்கே போய்க் காணாமல் போகிறது என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. பரோட்டாக் கடைக்காரர் தன் பரோட்டாவைத் தின்று காட்டச் சொல்லி நாலைக் கொடுத்தனுப்ப, அது ஆறு மணி நேரம் அசையாமல் இரைப்பையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் ஒரு மாதம் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் இரைப்பை வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது என்பதை வெள்ளத்தாயின் வயிற்றில் பார்த்துத் தெரிந்துகொண்டு, பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சண்டையை நிறுத்தினார்கள். கறுப்பையும் நீலத்தையும் எல்லோரும் பார்த்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்வை அந்த இடத்துக்கு வந்ததும் குடலின் அடுத்த சுருளுக்குத் தாண்டிப் போய்விடும்.

சங்கிலிமாடன் மட்டும் அந்த வயிற்றை வேறு மாதிரி பார்த்தான். பதினைந்து வயதிலிருந்து கத்தி பிடிக்கிறவன், எந்த உறுப்பு எங்கே தொங்குகிறது, எதை அறுத்தால் எது நிற்கும் என்று தெரிந்தவன், அவன் பார்வை வயிற்றின் மேல் படும்போது வெள்ளத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் அந்த வயிற்றில் அவன் அப்புறம் மிதிக்கவில்லை. தெரியாத இடமாகப் பார்த்து அடித்தான். முதுகில் கறிக்கட்டையை எறிந்தான், தலைமுடியைக் கொக்கியில் சுற்றி இழுத்தான், இரண்டு விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். அவள் நசுங்கிய விரலோடு குடல் கழுவினாள்.

அப்படி இருக்கையில் அரசுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற தங்கையா சார் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். புத்தகத்தில் இருக்கிற படத்தில் எல்லாம் தனித்தனி நிறத்தில் இருக்கிறது, உண்மையில் அப்படி இல்லை, ஒருமுறை பார்த்தால் மறக்காது என்று அவர் கேட்டபோது, வெள்ளத்தாய் சரி என்றாள். கடைக்குப் பின்னால், வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். சார் அடிக்குச்சியை நீட்டி, இது இரைப்பை, இதற்குள் இருக்கிற அமிலம் இரும்பையே அரிக்கும், ஆனால் தன்னைத் தானே அரிக்காமல் இருக்க உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு பூசிக்கொண்டிருக்கிறது, இது சிறுகுடல், விரித்துப் போட்டால் இருபது அடிக்குக் குறையாது, உள்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டுபோல இருக்கும், சோறு இரத்தமாவது இங்கேதான், இது பெருங்குடல், தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது இது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டே வந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "சார், அந்தா கறுப்பா இருக்கே, அது எந்த உறுப்பு?" என்று கேட்டது.

தங்கையா சார் அடிக்குச்சியை இறக்கிவிட்டார். "அது பாடத்துல இல்ல. விடு," என்றார்.

"பாடத்துல இல்லன்னா என்ன சார், என் வயித்துல இருக்குல்லா," என்றாள் வெள்ளத்தாய். குரலை உயர்த்தவில்லை, கறி விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். "கறுப்பா இருக்கது எங்க வீட்டுக்காரரு ஆடி மாசம் மிதிச்சது. ஈரல்கிட்ட மஞ்சளா இருக்கது அதுக்கு முன்னால. நீலம் கடைசியா மிதிச்சது. எழுதிக்கிடட்டும்."

சார் குச்சியைத் தூக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னார். முப்பத்திரண்டு நோட்டுகளில் முப்பத்திரண்டு படங்கள் வரையப்பட்டன. கணையம் என்று கோடு இழுத்து எழுதியதற்குக் கீழே, மிதித்த இடம் என்று கோடு இழுத்து எழுதப்பட்டது. சாயங்காலம் அது முப்பத்திரண்டு வீடுகளுக்குப் போனது. மறுநாள் கறி வாங்க வந்தவர்கள் சங்கிலிமாடனின் முகத்தைப் பார்க்காமல், அவன் காலைப் பார்த்துக்கொண்டே கறி வாங்கினார்கள்.

அவன் நாலு நாள் பொறுத்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, தட்டில் சோறும் கறிக்குழம்பும் போட்டுத் தானே பிசைந்தான். பதினோரு வருசத்தில் அவன் அவளுக்குச் சோறு பிசைந்ததில்லை. ஒரு உருண்டை உருட்டினான். அவள் எழுந்து ஓடுவதற்குள் முடியைப் பிடித்துத் தலையை அண்ணாத்தி, ஆட்டுக்கு மருந்து புகட்டுவதுபோலத் தாடையை ஒரு கையால் பிளந்து, உருண்டையைத் தொண்டை வரைக்கும் தள்ளி, வாயை இறுக்கி மூடி, கழுத்தைக் கீழ்நோக்கி நீவினான். எந்த ஆடானாலும் அப்படி நீவினால் விழுங்கித்தான் ஆக வேண்டும். அவளும் விழுங்கினாள்.

"என்னத்தப் போட்டிய?" என்றாள்.

"அரை பிளேடு," என்றான். "உள்ள கிழிஞ்சு ரத்தம் ரொம்பிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாதுல்லா. எவனும் வந்து பார்க்க மாட்டான்."

பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அப்போது மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்துக்கு வெள்ளத்தாய் சாப்பிடுவாள், கறிக்குழம்பு எப்படிச் செரிக்கிறது என்று பார்க்கலாம் என்று வந்தவர்கள். சோறு உணவுக்குழாயின் அடிமுனையைத் தாண்டி இரைப்பைக்குள் விழுந்ததையும், இரைப்பை வழக்கம்போல அதைப் பிசையத் தொடங்கியதையும், பிசையப் பிசையச் சோறு கரைந்து நடுவில் ஒரு சின்னத் தகடு தண்ணீருக்குள் மீன் திரும்புவதுபோலப் பளிச்சென்று திரும்பியதையும் அவர்கள் பார்த்தார்கள். அதற்கு மேல் பார்வை அடுத்த சுருளுக்குத் தாண்டவில்லை.

கதவை உடைத்தது அவர்கள் மூன்று பேரும் இன்னும் ஒன்பது பேரும். அம்மிக்குழவியால் உடைத்தார்கள். சங்கிலிமாடன் கத்தியை எடுத்தான், முதலில் வந்தவளின் முன்கையைக் கீறினான், இரண்டாவதாக வந்தவள் உலக்கையால் அவன் முழங்காலில் அடித்தாள், அது முறிந்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. விழுந்தவனை எல்லோரும் மிதித்தார்கள். வயிற்றில்தான் மிதித்தார்கள். போதும் என்று சொன்னது உடையம்மை. போதும் என்று சொல்லிவிட்டு, ஆடு கட்டுகிற கயிற்றை எடுத்துவந்து, தன் மகனைக் கொட்டகையில் கறி தொங்கவிடுகிற இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டியதும் அவள்தான். மூன்று முடிச்சு போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள்.

"அது நல்லபடியா வெளிய வந்தா உன்னை அவுத்து விடுதேன்," என்றாள். "வரலன்னா இப்படியே இருந்துக்கோ."

சுகாதார நர்சு ஞானப்பூ ஆட்டோ பிடித்து வெள்ளத்தாயை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே அறுவைக் கத்தி அந்தக் கண்ணாடியில் இறங்கவில்லை. வழுக்கியது. மூன்று கத்தி மழுங்கிய பிறகு டாக்டரம்மா வெள்ளத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குடலேதாம்மா இதைப் பண்ணியாகணும்," என்றார். வாழைப்பழமும் கீரைத்தண்டும் கஞ்சியும் கொடுங்கள், எது சுற்றிக்கொண்டால் முனை மறையுமோ அதையெல்லாம் கொடுங்கள், ஓடக்கூடாது, குனியக்கூடாது, அழக்கூடாது என்று சொல்லி, ஆபத்தான இடம் நாலு என்று விரல் விட்டுச் சொன்னார்: இரைப்பையின் கீழ்வாய், அதைத் தாண்டியதும் வருகிற வளைவு, சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற மூலை, கடைசியாக ஆசனவாய்.

ஆகவே சந்தைப்புதூர் காத்திருந்தது. கொட்டகையில் பாய் விரித்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வெள்ளத்தாயைச் சாய்த்து வைத்தார்கள், அவளுக்கு எதிரே பத்தடி தூரத்தில் தூணில் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான் சங்கிலிமாடன், நடுவில் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். வாழைப்பழம் தார் தாராக வந்தது. தங்கையா சார் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, பிளேடு இருக்கிற இடத்தை ஒரு நோட்டில் மணிக்கொருதரம் குறித்தார். பரோட்டாக் கடைக்காரர் பரோட்டாவைப் பற்றிப் பேசாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினார். ஏட்டு வந்து பார்த்துவிட்டு, பொருளைக் கைப்பற்றினால்தான் வழக்கு எழுத முடியும், பொருள் இப்போது பயணத்தில் இருக்கிறது என்று சொல்லி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் அது கீழ்வாயைத் தாண்டியது. கூர்முனை பின்னால் திரும்பியிருக்க, மழுங்கின பக்கம் முன்னால் போனது, எல்லோரும் மூச்சை விட்டார்கள். பித்தநீர் வந்து அதைப் பச்சையாக நனைத்தது. இரண்டாம் நாள் முழுக்க அது இருபது அடிக் குடலில் சுருள் சுருளாகப் போனது. குடல் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் வெள்ளத்தாயின் வாயைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கையால் குடல் புரட்டுகிற அசைவைப் பாயில் செய்துகொண்டிருந்தாள், ஒரு சுருள், இன்னொரு சுருள், இன்னொரு சுருள் என்று, தன் குடலைத் தானே கழுவி அனுப்புகிறவள்போல.

"வலிக்குதா?" என்று ஞானப்பூ கேட்டாள்.

"எப்பவும் போலத்தான்," என்றாள் வெள்ளத்தாய். "இப்ப பார்க்க ஆள் இருக்கு, அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் காலை, குடல்வால் தொங்குகிற அந்த மூலையில் பிளேடு நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. குடல் முன்னே தள்ளியது, அது திரும்பியது, திரும்பும்போது சுவரில் பட்டது. உள்ளே ஒரு சிவப்பு நூல் தோன்றியது, நூல் கயிறாகி, கயிறு பரவி, அந்த மூலை முழுவதும் சிவந்து, சிவப்பு மேலே ஏறிக் கண்ணாடியை மறைத்தது. அவள் வயிறு செங்கல் சூளையின் வாய்போல ஆனது. பிளேடு தெரியவில்லை, குடல் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. தூணில் கட்டப்பட்டிருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன் உதடு கோணியதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு, கை கீறப்பட்டவள் எழுந்து போய் மரக்கட்டையால் அவன் வாயில் அடித்தாள். முன்பற்கள் இரண்டு தரையில் விழுந்தன. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"தெரியலையே தாயி," என்றார் தங்கையா சார், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "எங்க இருக்குன்னு எழுத?"

வெள்ளத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் சொல்லுதேன் சார், எழுதுங்க. மூலையை விட்டுட்டு. மேல ஏறுது. ஈரலுக்குக் கீழ வந்துட்டு. இப்ப குறுக்க போவுது." அவள் வலியை வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள், அவர் எழுதிக்கொண்டே போனார். பெருங்குடல் மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்குகிற வழி முழுவதையும் ஊர் அன்றைக்கு அவள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டது. யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. பொழுது சாய்வதற்குள் அவளை நாலு பெண்கள் தாங்கிக் கொல்லைக்குக் கூட்டிப் போனார்கள். அவள் அலறியது அந்த மூன்று நாளில் அந்த ஒரு முறைதான்.

திரும்பி வந்தவள் நேராகக் குடல் கழுவுகிற தொட்டிக்குப் போனாள். கையிலிருந்ததைச் சுண்ணாம்பு போட்டு, மஞ்சள் போட்டு, ஏழு தண்ணீரில் கழுவினாள். ஏட்டு கையை நீட்டினார். "கொஞ்சம் பொறுங்க," என்று அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். உடையம்மை மட்டும் கூடப் போனாள். வெள்ளத்தாய் அந்த அரை பிளேடை அம்மியில் வைத்துக் குழவியால் பொடிப்பொடியாகத் தட்டி, சாம்பலில் கொட்டி, சாம்பலை அடுப்புக்கடியில் புதைத்ததை உடையம்மை பார்த்தாள். பிறகு அவள் சோறு எடுத்து, குழம்பு விட்டு, பிசைந்து, ஒரே ஒரு உருண்டை உருட்டியதையும் பார்த்தாள்.

தூணுக்கு முன்னால் போய் வெள்ளத்தாய் குந்தி உட்கார்ந்தாள். ரத்தம் தோய்ந்த அந்த வாய் இறுக மூடிக்கொண்டது. பெண்கள் அவன் தலையை அண்ணாத்திப் பிடித்தார்கள். அவன் தாடையை அவள் பிளந்து, உருண்டையைத் தள்ளி, வாயை மூடி, கழுத்தைக் கீழ்நோக்கி நீவினாள். அவன் விழுங்கினான்.

"என்னத்தப் போட்ட?" என்றான். பல் இல்லாமல் சொல் குழறியது.

"என் வயித்துல எல்லாம் தெரியும்," என்றாள் அவள். "உங்க வயித்துல ஒண்ணும் தெரியாது. ஓடாதீய, குனியாதீய, காலைத் தூக்காதீய."

அவன் தாயின் முகத்தைப் பார்த்தான். உடையம்மை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அவள் அதற்கப்புறம் ஏழு வருசம் உயிரோடு இருந்தாள், அந்த ஏழு வருசத்தில் உருண்டைக்குள் என்ன இருந்தது என்று அவன் எத்தனையோ முறை அவள் காலைப் பிடித்துக் கேட்டும் சொல்லவில்லை. பொருள் கிடைக்கவில்லை என்று ஏட்டு வழக்கு எழுதாமல் போனார். எழுதியிருந்தால் கூட அவ்வளவு நாள் உள்ளே வைத்திருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

சங்கிலிமாடன் கஞ்சி மட்டும் குடித்தான். முழங்கால் கூடி எழுந்த பிறகும், விளிம்பு வரை நிறைந்த குடத்தைச் சுமக்கிறவன்போல நடந்தான். இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். யாராவது தெருவில் நின்று அவன் வயிற்றை உற்றுப் பார்த்தால், "தெரியுதா? எதாவது தெரியுதா?" என்று கேட்பான். பாவம் பார்த்துச் சிலர் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், அவன் நம்பவில்லை. கத்தியை வெள்ளத்தாய் எடுத்துக்கொண்டாள். அவள் வெட்டுகிற கறி ஒரே அளவாக இருக்கும் என்று ஊரில் பேர்.

அவள் வயிற்றில் சிவப்பு இரண்டு வாரத்தில் தெளிந்தது, கறுப்பும் மஞ்சளும் நீலமும் ஒரு வருசத்தில் மறைந்தன. தெரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது அவள் முந்தானையை இழுத்து மூடிச் செருகிக்கொண்டாள். பார்க்க வந்த வெளியூர்க்காரர்களிடம், "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் கூட்டம் கடை வாசலில் நெருக்கியடித்து நிற்கையில், முன்பின் பார்க்காத ஒருத்தி வரிசையை விட்டு விலகிப் பின்பக்கமாக வந்து கொட்டகையில் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். கறிப்பை எதுவும் கொண்டுவரவில்லை. வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தபோது அவள் தன் சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டினாள். மாநிறமாக, வழுவழுப்பாக, எல்லோருக்கும் இருப்பது போன்ற வயிறு.

"எனக்கு வெளிய ஒண்ணும் தெரிய மாட்டேங்குது அக்கா," என்றாள். "தினமும் பார்க்கேன், தெளியவே இல்ல. சொன்னா எவரும் நம்பல. உங்களுக்கு எப்படித் தெளிஞ்சுதுன்னு சொல்லுங்க."

வெள்ளத்தாய் அந்த வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்தியைக் கழுவித் துடைத்துக் கட்டையில் வைத்தாள், கையைக் கழுவினாள், உள்ளே திரும்பி உடையம்மையிடம் ஞானப்பூவையும் இன்னும் நாலைந்து பேரையும் கூட்டி வரச் சொன்னாள், ஆடு கட்டுகிற கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வீடு எந்தத் தெரு?" என்று கேட்டாள்.